ஆயிரத்தொரு ஆலய நகரம்

சென்னைப் பட்டணத்தின் ஜோர்ஜ் டவுன் பகுதியிலே 'அரண்மனைக்காரத் தெரு' என்று ஒரு தெரு உண்டு. அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில், முன்னொரு காலத்தில் அரசர் எவரேனும் அங்கே மாளிகை அமைத்து வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். உண்மை வேறு. அங்கே அரண்மனையும் இல்லை, அரசரும் இல்லை. அத்தெருவிலே குடியேறி வாணிகம் செய்து வாழ்ந்தவர்கள் ஆர்மேனியர். ஆங்கிலேயர் அவர்கள் பெயராலே 'ஆர்மேனியன் தெரு' என்று வழங்கினர். அந்த அந்நியச் சொல் நம்மவர் நாவிலே புரண்டு புரண்டு, ஈற்றில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது.

இச்சொற்றிரிபைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் ஆர்மேனிய மக்களின் சரித்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்ப்போமாயின் அந்த நகைப்பு அடங்கிவிடும். உண்மையிலேயே அரண்மனை உடையோராய் இருந்து, அதனை இழந்து, உலகின் நாற்றிசையும் சிதறிய இனத்தார் அவர்கள். சென்னைக்கு வந்த வணிகரின் குடும்பங்கள் பெரும்பாலும் பாரசீகத்திலுள்ள புதிய ஜுல்பா என்னும் குடியிருப்பிலிருந்து வந்தவை. எனினும் அவ்வினத்தார் எங்கு வாழினும், 'எமது பழம்பெருந் தலைநகர்' என்று நெஞ்சுருகி நினைக்கும் பெயர்களில் முதன்மையானது ஒன்றுண்டு. அதுவே 'அனி'.

அந்நகரின் கதையை நாம் ஒருமுறை வகுப்பறையிலே கூறியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கட்டியவர்கள் அங்கே இல்லை, இப்பொழுது அங்கே இருப்பவர்கள் அதனைக் கட்டவில்லை. அப்படியானால் அந்நகர் யாருடையது?" என்று வினவினான். அன்று மணி அடித்துவிட்டமையால் நாம் விடை கூறாது தப்பினோம். அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை எனலாம்.

இரு பள்ளத்தாக்குகளின் நடுவே

துருக்கி நாட்டின் வடகிழக்கு எல்லைப்புறத்திலே கார்ஸ் என்றொரு பட்டணம் உளது. அங்கிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தூரம் சென்றால், மரமற்ற புல்வெளியின் நடுவே செங்கபில நிறக் கல்லாலாகிய நீண்ட மதில் ஒன்று திடீரெனக் கண்முன் தோன்றும். அதன் தலைவாயிலருகே கல்லிற் செதுக்கிய சிங்கம் ஒன்று காவல் நிற்கின்றது. இத்துணைப் பெரிய மதிலைக் கண்டவர், உள்ளே தெருக்களும் வீடுகளும் நிறைந்திருக்கும் என்றே எதிர்பார்ப்பர். வாயிலைக் கடந்தாலோ, அங்கே உள்ளவை புல்லும் கல்லும் காற்றுமே. அப்பரந்த வெளியிலே, ஒன்றிலிருந்து ஒன்று வெகு தொலைவில், முடி இழந்தும் சுவர் பிளந்தும் சில பெருங் கட்டடங்கள் தனித்து நிற்கின்றன.

நகர் அமைந்த இடம் முக்கோண வடிவான மேட்டுநிலம். கிழக்கே அகூரியான் ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கினூடே ஓடுகின்றது. மேற்கே மற்றொரு பள்ளத்தாக்கு. இரண்டும் தெற்கே சென்று கூடுகின்றன. ஆகவே பகைவர் எளிதில் அணுகக்கூடிய திசை வடக்கு ஒன்றே. இரு புறத்தை இயற்கை காத்தது. எஞ்சிய புறத்தை மனிதன் மதில் எழுப்பிக் காத்தான். பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களிலே நூற்றுக்கணக்கான குகைகள் குடையப்பட்டுள்ளன. வீடுகளாகவும் களஞ்சியங்களாகவும் சிற்றாலயங்களாகவும் புறாக்கூடுகளாகவும் அவை பயன்பட்டன. மேலே ஒரு நகரும் கீழே ஒரு நகருமாக அனி விளங்கியது என்க.

அகூரியான் ஆற்றின் மறுகரை இன்று ஆர்மேனியக் குடியரசு. ஆறே எல்லை. அந்த ஆற்றின் குறுக்கே ஒருகாலத்தில் ஒரே வளைவினாலாகிய கற்பாலம் ஒன்று இருந்தது. அதன் வளைவு ஏறத்தாழ 30 மீற்றர் அகலத்தைத் தாவி நின்றது. வளைவு வீழ்ந்து பல காலமாயிற்று. இரு கரையிலும் அதன் அடிப்பாகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. இப்பாலத்தைப் பற்றிப் பின்னரும் கூறுவோம்.

கோட்டை தலைநகராயிற்று

ஆர்மேனியர் மிகப் பழைய இனத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர்தம் அரசு கிறித்தவ சமயத்தை ஏற்றது. 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மஷ்தொத்ஸ் என்னும் துறவி அவர்கள் மொழிக்கெனத் தனி எழுத்தை அமைத்தார். ரோமப் பேரரசுக்கும் பாரசீகப் பேரரசுக்கும், அதன் பின்னர் பைசாந்தியத்துக்கும் அராபியருக்கும் இடையே அகப்பட்டு அல்லலுற்ற நாடு அது. பெரிய யானைகள் போர் புரியும்போது காலடியிற் கிடக்கும் புல்லின் நிலைமை யாதோ, அதுவே ஆர்மேனியாவின் நிலைமை.

ஒன்பதாம் நூற்றாண்டிலே அராபியப் பேரரசு தளர்ந்தது. 885இல் பக்ரதூனி குலத்து அஷோத் என்பவன் அரசனாக ஏற்கப்பட்டான். அக்குலத்து மூன்றாம் அஷோத் 961ஆம் ஆண்டு தன் தலைநகரைக் கார்ஸ் பட்டணத்திலிருந்து அனிக்கு மாற்றினான். ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் நூல்களிலே அனி ஒரு கோட்டையாகவே குறிக்கப்பெற்றது. அக்கோட்டை நகராகியது, நகர் மாநகராகியது. பாரசீகத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கருங்கடற்றுறையாகிய திரபிசோந்துக்குச் செல்லும் வணிகச் சாத்துக்கள் அனியின் பாலத்தைக் கடந்தன. பட்டும் வாசனைப் பொருளும் உலோகப் பண்டங்களும் அதன் கடைவீதிகளிலே கைமாறின.

அஷோத்தின் மகன் இரண்டாம் சும்பாத் வடக்கே இரட்டை மதில் எழுப்பினான். அவனுக்குப் பின் அவன் தம்பி முதலாம் காகிக் 989 முதல் 1020 வரை ஆண்டான். அதுவே அனியின் பொற்காலம். 992இல் ஆர்மேனியத் திருச்சபையின் தலைமைக் குருவும் அங்கே வந்து தங்கினார். அந்நாளில் நகரின் சனத்தொகை ஓர் இலட்சத்தை எட்டியது என்று கணக்கிடுவோரும் உளர்.

'ஆயிரத்தொரு ஆலயங்களின் நகர்' என்று அனியை அழைப்பது வழக்கம். இது எண்ணிப் பார்த்துச் சொன்ன தொகையன்று. அளவிறந்தது என்பதை ஆயிரத்தொன்று என்பது கீழைத்தேய மரபு. 'ஆயிரத்தோர் இரவுகள்' என்னும் கதைத் தொகுதியின் பெயரும் அத்தகையதே. ஆய்வாளர் கண்டறிந்த ஆலயங்கள் சில பத்துக்களே. அவையும் ஒரு நகருக்கு மிகப் பலவன்றோ!

திரிதாத் என்னும் சிற்பி

அரசர் பெயரைச் சரித்திரம் எளிதில் மறப்பதில்லை. கட்டியவன் பெயரையோ பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. அனியின் நற்பேறு, அதன் பேராலயத்தைக் கட்டிய சிற்பியின் பெயரை நாம் அறிவோம். அவன் பெயர் திரிதாத்.

989ஆம் ஆண்டிலே சும்பாத் அரசன் காலத்தில் பேராலயத்துக்கு அடிகோலப்பட்டது. அதே ஆண்டு பைசாந்தியப் பேரரசின் தலைநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிளிலே பெரும் பூமியதிர்ச்சி உண்டாயிற்று. உலகப் புகழ் வாய்ந்த ஹகியா சோபியா ஆலயத்தின் விமானத்தில் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அதனைச் செப்பனிடுதற்கு அழைக்கப்பெற்றவன் இத்திரிதாத்தே. பேரரசின் தலைநகரிலே இல்லாத வல்லுநனை மலைநாட்டுச் சிற்றரசிலே கண்டனர். பணியை 994இல் நிறைவேற்றியபின் அவன் அனியின் பேராலயத்தையும் முடித்தான். காகிக் அரசனின் தேவி கத்ரானிதே 1001ஆம் ஆண்டில் அதனை நிறைவேற்றினாள் என்று சுவரிலுள்ள சாசனம் கூறுகின்றது.

பேராலயத்தின் உள்ளே நிற்பவர் முதலிற் காண்பது, தரையிலிருந்து கொத்துக் கொத்தாய் எழுந்து உச்சியிலே கூர்வளைவுகளாய் இணையும் தூண்களை. மேற்கு ஐரோப்பாவிலே கோதிக் ஆலயங்கள் இத்தகைய வடிவத்தோடு எழுந்தது ஒரு நூற்றாண்டுக்கு மேற் கழிந்த பின்னரே. அங்கிருந்து இங்கு சென்றதா, தனித்தனியே தோன்றியதா என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. ஆயினும் திரிதாத் தன் காலத்தை முந்திச் சென்றவன் என்பதில் ஐயமில்லை.

அவனும் பிழை செய்யாதவனல்லன். ஏழாம் நூற்றாண்டில் எழுந்து வீழ்ந்த சுவர்த்னொத்ஸ் என்னும் வட்ட வடிவான ஆலயத்தைப் பின்பற்றிக் காகிக் அரசனுக்காக அனியில் ஓர் ஆலயம் எழுந்தது. அதன் உயரத்தைத் தாங்கத் தூண்களுக்கு வலு போதவில்லை. சில ஆண்டுகளிலேயே முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் முற்றாகச் சரிந்தது.

ஓலையிலே எழுதி இழந்த அரசு

இனிக் கதையின் துயரப் பகுதிக்கு வருவோம். இத்துணைப் பெரிய மதிலையுடைய நகர் எவ்வாறு வீழ்ந்தது? பகைவர் மதிலை உடைத்தனர் என்று விடை கூறுவோர் பலர். மதில் உடையுமுன்னரே நகர் போய்விட்டது என்பதே உண்மை.

காகிக் 1020இல் இறந்தான். அவன் மைந்தர் இருவர். மூத்தவன் ஹொவ்ஹன்னெஸ் சும்பாத், இளையவன் அஷோத். முடிக்காக இருவரும் போரிட்டனர். ஈற்றில் மூத்தவன் அனியை ஆள்வதென்றும் இளையவன் புறநாடுகளை ஆள்வதென்றும் உடன்பாடு ஏற்பட்டது. வீட்டிலே பிளவு உண்டானால் அயலவன் வாயிலிலே வந்து நிற்பான். பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் பசில் படையோடு கிழக்கே வந்தான். அவனுக்கு அஞ்சிய ஹொவ்ஹன்னெஸ் சும்பாத், தன் மரணத்தின்பின் தன் அரசு பேரரசுக்கே உரியதாகுக என்று 1022ஆம் ஆண்டளவில் உறுதி எழுதிக் கொடுத்தான். தான் வாழும்வரை அமைதி வேண்டினான். வரப்போகும் சந்ததியை விலையாகக் கொடுத்தான்.

சகோதரர் இருவரும் 1041ஆம் ஆண்டளவில் மறைந்தனர். பேரரசின் தூதர் ஓலையோடு வந்தனர். அனியின் மக்கள் அதனை ஏற்கவில்லை. வஹ்ராம் பஹ்லவூனி என்னும் முதிய தளபதியின் தலைமையில் போரிட்டுப் பைசாந்தியப் படையை மதிற்புறத்தே முறியடித்தனர். பின்னர் அஷோத்தின் மகனாகிய இளைஞன் இரண்டாம் காகிக்கை அரியணையில் ஏற்றினர். வாளால் இயலாததைப் பேரரசு சூழ்ச்சியால் முடித்தது. பேச்சுவார்த்தைக்கென்று காகிக்கைக் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கு அழைத்து, அங்கேயே தடுத்து வைத்தனர். நகரப் பிரபுக்கள் சிலர் பேரரசின் பக்கம் சாய்ந்தனர். 1045இல் அனியின் வாயில்கள் உள்ளிருந்தே திறக்கப்பட்டன.

புதிய ஆட்சியாளர் செய்த பெரும் பிழை ஒன்று உண்டு. எல்லைப்புறத்து உள்நாட்டுப் படைகளைக் கலைத்து, படைக்கடமைக்குப் பதிலாக வரி வாங்கத் தலைப்பட்டனர். பணம் திறைசேரிக்குச் சென்றது. மதிலைக் காக்க ஆளில்லாது போயிற்று. 1064இல் செல்யூக் துருக்கியரின் சுல்தான் அல்ப் அர்சலான் நகரை முற்றுகையிட்டான். 25 நாட்கள் நகர் தாங்கியது. ஆகஸ்ட் மாதத்தில் வீழ்ந்தது. பெருங் கொலையும் சூறையும் நிகழ்ந்தன. பேராலயத்தின் உச்சியிலிருந்த சிலுவை இறக்கப்பட்டது, ஆலயம் பள்ளிவாசலாக்கப்பட்டது. அரிஸ்தாகெஸ் லஸ்திவெர்த்சி என்னும் ஆர்மேனியத் துறவி அக்காலத்து அழிவுகளைத் தம் வரலாற்று நூலிலே கண்ணீரோடு பதிவு செய்தார்.

மீண்டும் தளிர்த்த நகர்

இத்துடன் அனியின் கதை முடிந்தது என்றே பலர் எண்ணுவர். முடியவில்லை. 1072இல் நகர் சத்தாதியர் என்னும் குர்திய இன முஸ்லிம் ஆட்சியாளர் கைக்கு மாறியது. அவர்களுள் மனூச்சிஹர் என்பான் மதிலைப் புதுக்கி, பள்ளத்தாக்கின் ஓரத்திலே ஒரு பள்ளிவாசலையும் எழுப்பினான். அதன் கோபுரம் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜோர்ஜிய அரசர் நகரைப் பலமுறை கைப்பற்றினர், இழந்தனர். அந்நூற்றாண்டின் முடிவில் தாமார் அரசியின் படைத்தலைவராகிய ஸக்காரியக் குலத்தார் அதனை மீட்டு ஆண்டபோது வாணிகம் மீண்டும் செழித்தது.

அக்காலத்துச் செல்வன் ஒருவன் திக்ரான் ஹொனெந்த்ஸ். அவன் மன்னனுமல்லன், பிரபுவுமல்லன், வணிகன். 1215இல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலே புனித கிறகோரியார் ஆலயத்தைத் தன் பொருளாற் கட்டுவித்தான். அந்நிலத்தைத் தான் விலை கொடுத்து வாங்கியதையும், ஆலயத்துக்கு எழுதி வைத்த சொத்துக்களையும் சுவரிலே நீண்ட சாசனமாக வெட்டுவித்தான். உட்சுவர் முழுவதும் வண்ண ஓவியங்கள். கட்டியவன் ஆர்மேனியன், ஓவியங்களின் குறிப்புகளிலே ஜோர்ஜிய எழுத்தும் உண்டு, சற்றுத் தூரத்திலே முஸ்லிம்களின் பள்ளிவாசல். நெருப்பை வழிபட்ட பழைய பாரசீகச் சமயத்தாரின் கோயில் ஒன்றின் நான்கு தூண்களையும் அங்கே காணலாம். அனி ஓர் இனத்தாரின் தலைநகராய்ப் பிறந்து, பல இனத்தாரின் சந்தையாய் வாழ்ந்தது.

வாளினும் கொடிய வரி

1236இல் மொங்கோலியர் நகரைச் சூறையாடினர். அதன் பின்னரும் மக்கள் வாழ்ந்தனர். ஆனால் இம்முறை காயம் ஆறவில்லை. ஏன்?

மனூச்சிஹரின் பள்ளிவாசற் சுவரிலே பாரசீக மொழியில் ஒரு சாசனம் உண்டு. மொங்கோலிய வழிவந்த இல்கான் அபூ சயீதின் காலத்தது அது. அவன் 1316 முதல் 1335 வரை ஆண்டவன். முறையற்ற வரிகளை நகரத்தாரிடம் இனி வாங்கலாகாது என்பதே அதன் சாரம். மருந்து எழுதிக் கொடுத்த ஓலையைக் கண்டு நோயை அறிவது போல, இச்சாசனத்தைக் கண்டு அந்நாளைய அவலத்தை நாம் அறிகின்றோம். வரி தாங்காது மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். ஆணை வந்தது, போனவர் திரும்பவில்லை.

1319ஆம் ஆண்டில் பூமியதிர்ச்சி ஒன்று நகரை உலுக்கியது. பேராலயத்தின் விமானம் வீழ்ந்தது. நகர் செழிப்பாயிருந்திருப்பின் மீண்டும் கட்டியிருப்பர். திரிதாத்தைப் போன்ற சிற்பியை அழைத்திருப்பர். ஆனால் சாத்துக்கள் வேறு வழிகளை நாடின, கடைவீதி வெறிச்சோடியது, விமானம் வீழ்ந்தது வீழ்ந்தபடியே கிடந்தது. நகர் சிற்றூராகியது. சிற்றூரும் தேய்ந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே மனிதர் இல்லாது போயினர். புறப்பட்ட மக்கள் கிரிமியாவிலும் போலந்திலும் பிற நாடுகளிலும் குடியேறித் தம்மை 'அனி நகரத்தார்' என்று சொல்லிக்கொண்டனர் என்பது மரபு.

சிந்தித்துப் பாருங்கள். வாள் கொன்ற நகர் உயிர்த்தது. வரியும் வறுமையும் வழி மாற்றமும் கொன்ற நகர் உயிர்க்கவில்லை.

பெட்டிகளிலே தப்பிய நகர்

1878இல் கார்ஸ் மாகாணம் ருஷ்யப் பேரரசின் வசமாயிற்று. 1892இல் நிக்கொலாய் மார் என்னும் அறிஞர் அனியிலே அகழ்வாராய்ச்சியைத் தொடங்கினார். இடையிலே நின்ற பணி 1904 முதல் 1917 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது. தெருக்கள் வெளிப்பட்டன, கடைகள் வெளிப்பட்டன, கட்டடக் கலைஞராகிய தோரோஸ் தோரமானியான் இடிபாடுகளை அளந்து பழைய ஆலயங்களின் வடிவங்களை வரைந்தார். கண்டெடுத்த பொருள்களை வைப்பதற்கு ஒரு நூதனசாலை வேண்டியிருந்தது. அதற்கு இடம் கொடுத்தது எது தெரியுமா? மனூச்சிஹரின் பள்ளிவாசலே! ஆலயங்களின் சிதறல்களைப் பள்ளிவாசல் தன் கூரையின் கீழ் வைத்துக் காத்தது.

1906இல் மண்ணுக்குள்ளிருந்து ஓர் அரசன் எழுந்தான். திரிதாத்தின் வட்ட ஆலய இடிபாட்டிலே, தலைப்பாகை அணிந்து, இரு கரங்களாலும் ஆலயத்தின் சிறு வடிவமொன்றைத் தாங்கி நிற்கும் முதலாம் காகிக்கின் சிலை வெளிப்பட்டது. இரண்டு மீற்றருக்கும் மேற்பட்ட உயரம். அவ்வாலயம் எப்படி இருந்தது என்பதை அச்சிலையின் கைகளே உலகுக்குக் காட்டின.

பின்னர் உலகப் போர் வந்தது. 1915இல் ஒட்டோமன் பேரரசிலே ஆர்மேனிய மக்கள் தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டுப் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். 1918இல் துருக்கியப் படை அனியை நோக்கி முன்னேறியது. மார் அவர்களின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த அஷ்கார்பெக் கலந்தார் என்பவர், தூக்கிச் செல்லக்கூடிய பொருள்களுள் ஏறத்தாழ 6,000 பொருள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவை இன்று யெரெவான் நகரிலுள்ள ஆர்மேனிய வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. எடுத்துச் செல்ல இயலாதவை சூறை போயின, சிதைந்தன. காகிக்கின் சிலையும் மறைந்தது. அதன் நிழற்படங்களும், துருக்கியின் எர்சூரும் நூதனசாலையிலுள்ள ஒரு துண்டுமே எஞ்சின. ஒன்பது நூற்றாண்டு பழைமையுடைய அரசனை மண் காத்தது. வெளியே எடுத்த மனிதர் பன்னிரண்டு ஆண்டுகள்கூடக் காக்கவில்லை.

1921ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி அனி துருக்கியின் பக்கத்ததாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் அங்காரா அரசின் அமைச்சர் றிசா நூர், அனியின் சின்னங்களைப் பூமியின் மேலிருந்தே துடைத்து விடுமாறு கிழக்குப் போர்முனைத் தளபதி காசிம் கரபெகிருக்குக் கட்டளை விடுத்தார். கரபெகிர் அப்பொழுதுதான் ஆர்மேனியரைப் போரிலே வென்றவர். ஆயினும் அக்கட்டளையைத் தாம் மறுத்ததாகத் தம் நினைவுக் குறிப்பிலே எழுதியுள்ளார். இன்று அனியில் நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு சுவரும் அம்மறுப்புக்குச் சாட்சி. ஆர்மேனியராகிய கலந்தார் பெட்டிகளைச் சுமந்தார். துருக்கியராகிய கரபெகிர் கையை ஓங்காது நிறுத்தினார். இருவரும் ஒரே நகரைக் காத்தவர்கள்.

பாதிப் பாலம்

அதன் பின் வந்தது பராமரிப்பற்ற நெடுங்காலம். ஆற்றின் ஒரு கரையிலே துருக்கி, மறுகரையிலே சோவியத் ஒன்றியம். அனி இராணுவ வலயத்தினுள் அகப்பட்டுக் கிடந்தது. 1035ஆம் ஆண்டளவில் எழுந்த மீட்பர் ஆலயத்தின் சரிபாதி 1957இல் புயலிலே இடிந்து வீழ்ந்தது. மற்றப் பாதி, கத்தியால் அறுத்த பழம்போல் உட்புறத்தைக் காட்டியபடி நின்றது. 1988இல் ஆர்மேனியாவைச் சிதைத்த பூமியதிர்ச்சி பேராலயத்தின் ஒரு மூலையையும் வீழ்த்தியது. துருக்கியரின் அறிவிப்புப் பலகைகளிலே ஆர்மேனியர் என்ற பெயரே நெடுங்காலம் காணப்படவில்லை என்று பயணிகள் எழுதினர். மறுகரையிலே ஆர்மேனியர் கல்லுடைக்க வைத்த வெடிகளாலும் சுவர்கள் அதிர்ந்தன என்ற முறைப்பாடும் எழுந்தது. குறை ஒரு கரைக்கு மட்டும் உரியதன்று.

காலம் மெல்ல மாறியது. 2011இல் பேராலயத்தையும் மீட்பர் ஆலயத்தையும் பாதுகாக்கும் முயற்சியிலே துருக்கியக் கலாசார அமைச்சும் உலக நினைவுச் சின்ன நிதியமும் இணைந்தன. 2016இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அனியை உலக மரபுரிமைச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. 1993இல் மூடப்பட்ட எல்லையைத் திறப்பது பற்றி அண்மைய ஆண்டுகளில் இரு அரசுகளும் பேசத் தொடங்கியபோது, அகூரியானின் பழைய கற்பாலத்தை இணைந்து புதுக்குவது பற்றியும் பேச்சு எழுந்தது. ஒரு கரையார் மட்டும் முயன்றால் பாதிப் பாலமே கட்டலாம். பாதிப் பாலத்தால் எவரும் ஆற்றைக் கடத்தல் இயலாது.

மாணவனின் வினாவுக்கு வருவோம். அந்நகர் யாருடையது? அதைக் கட்டியவர் ஆர்மேனியர். அப்பெயரை மறைத்துக் கூறும் வரலாறு வரலாறாகாது. அதன் கற்கள் நிற்பது துருக்கியரின் நிலத்திலே. காக்கும் கடமை அவர்களுடையது. அதில் வாழ்ந்து உழைத்த குர்தியருக்கும் ஜோர்ஜியருக்கும் அதிலே பங்குண்டு. பெயர் ஒருவருடையதாகவும் பொறுப்பு மற்றொருவருடையதாகவும் இருக்கும்போது இருவரும் கைகோத்தாலன்றி எந்நகரும் பிழைப்பதில்லை. நாம் கூறக்கூடிய விடை இதுவே.

மீண்டும் சென்னையின் அரண்மனைக்காரத் தெருவுக்குச் சென்று இதனை முடிப்போம். அங்கே ஆர்மேனியரின் பழைய ஆலயம் ஒன்று இருக்கின்றது. தனியே எழுந்த மணிக்கூண்டிலே ஆறு பெரிய மணிகள் தொங்குகின்றன. அவ்வாலயத்துக் குருவாகிய ஹரூத்யூன் ஷ்மவோனியான் 1794இல் 'அஸ்தரார்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். உலகிலேயே ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதற் பத்திரிகை அதுவே. அதற்கு முன்னரே சென்னையில் அச்சகம் நிறுவிய ஷஹாமிர் ஷஹாமிரியான் என்னும் வணிகர், சுதந்திர ஆர்மேனியாவுக்கு உரிய அரசியற் சட்டம் ஒன்றையே நூலாக அச்சிட்டார். அந்நாளில் அப்படியொரு நாடு உலகப் படத்தில் இல்லை! நாடில்லாதவர் நாட்டுக்குச் சட்டம் எழுதினர். தலைநகர் இல்லாதவர் பத்திரிகை நடத்தினர்.

ஓர் ஓலையிலே கையெழுத்திட்டு இழந்ததை, ஆயிரம் ஏடுகளிலே எழுதி எழுதிக் காத்தனர் அம்மக்கள். இன்றும் ஆர்மேனியர் தம் பெண்மக்களுக்கு விரும்பிச் சூட்டும் பெயர்களுள் ஒன்று 'அனி'. புல் மூடிய அந்தத் தெருக்களிலே இப்பொழுது எவரும் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆனால் உலகில் எங்கோ ஒரு வீட்டு முற்றத்திலே, அந்திவேளையில் ஒரு தாய் தன் மகளை "அனி!" என்று கூப்பிடுகின்றாள். மகள் ஓடி வருகின்றாள்.